நிலையோட சேந்து வாற பின்கதவை நாங்களே பூட்டலாமா?

தெஹிவளைக்காரன்:
யாராவது இத செஞ்சு பாத்த ஆக்கள் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. எங்கட வீடு கொழும்புக்குப் பக்கத்துல தெஹிவளைல, ரயில் பாதைக்கு நடக்குற தூரம்தான், உப்புக்காத்து நல்லா அடிக்கும். பின்முற்றத்துக்குப் போற மரக்கதவு 30 வருசத்துக்கு மேல பழசு, மழை வந்தா ஊதி இறுகிப்போய் தோளால இடிச்சுத்தான் திறக்கணும், வெயில் வந்தா கடகட எண்டு ஆடும், இப்ப நிலைக்கால் கீழ உக்கி விரலால குத்தினா உள்ள போகுது. சரி மாத்துவம் எண்டு கண்ணாடி போட்ட ரெட்டைக்கதவு ஒண்டு வாங்கிட்டன், யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்), நிலையும் கதவும் ஒண்டா கொழுவி பிணைச்சல் லொக் எல்லாம் போட்டே வந்திருக்கு. 5 அடி அகலம், 7 அடி உயரம்.

பாஸ் (மேசன்) ஒருத்தர் நாளைக்கு வாறன் நாளைக்கு வாறன் எண்டு ரெண்டு கிழமை ஆச்சு, போன் அடிச்சா கல்யாண வீட்டுல நிக்கிறாராம், அந்தாளுக்கு எத்தின சொந்தக்காரரோ தெரியல. மே மாசம் தென்மேற்கு மழை தொடங்க முதல் முடிக்கணும், எங்கட பின்பக்கம் கடலப் பாத்த பக்கம். அதால நானும் மச்சானுமே பூட்டுவமா எண்டு யோசிக்கிறம் (பூட்டுறதெண்டா சாவி போடுறது இல்ல, சுவர்ல பொருத்துறது, முந்தி ஒரு தமிழ்நாட்டு நண்பர் குழம்பிட்டார்).

சுவர் 9 இஞ்சி செங்கல், பூச்சோட 10 வரும், நிலை ரெண்டரை இஞ்சிதான், உள்பக்கமா வைக்கிறதா வெளிப்பக்கமா? தரை ஒரு பக்கம் அரை இஞ்சி பதிஞ்சிருக்கு. வெளிய முற்றத்துக் கல்லு உள்தரைய விட 1 இஞ்சிதான் கீழ. சுத்திவர ஃபோம் (டின்ல இருந்து அடிக்கிற, ஊதி இறுகுற நுரை) அடிச்சா போதும் எண்டு கடையில சொன்னாங்க, உண்மையா?

பழைய_சோனகத்தெரு:
தம்பி, ஃபோம் இடைவெளிய அடைக்கத்தான், கதவப் பிடிக்கிறது ஸ்க்ரூதான், கடைக்காரன் சொன்னத அப்படியே விடுங்க. முதல்ல ஒண்டு கேக்குறேன், கதவுக்கு மேல லிண்டல் (மேல் கல்லத் தாங்குற கொங்கிறீட் உத்தரம்) இருக்கா? பழைய வீடுகள் சிலதுல மேல இருக்குற கல்லு மரநிலையிலயே குந்திட்டிருக்கும், அத தெரியாம நிலைய உருவினா கல்லு தலையில. மேல பூச்சக் கொஞ்சம் தட்டிப் பாருங்க, கொங்கிறீட் தெரிஞ்சா பயமில்ல, தெரியாட்டி கையே வைக்காதீங்க, பாஸ் வரட்டும், அந்தக் கல்யாணம் முடிஞ்ச பிறகாவது.

நிலையக் கழட்டுறதுக்கு நிலைக்கால நடுவுல வாளால அறுத்து ரெண்டு துண்டாக்கி இழுங்க. உள்ள இரும்பு கிளாம்ப் கல்லுக்குள்ள புதைச்சிருக்கும், அத சுத்தியலால அடிக்கப் போனா பாதிச் சுவர் வரும், கிரைண்டரால வெட்டி விடுங்க. பிறகு அகலம் மேல நடு கீழ மூணு இடத்துல, உயரமும் மூணு இடத்துல அளந்து ஆகக்குறைஞ்ச அளவ எடுங்க. நிலையச் சுத்தி அரை இஞ்சிக்குள்ள இடைவெளி இருந்தா நல்லம், 1 இஞ்சிக்கு மேல போனா முதல் சிமெந்து போட்டு சுவர ஒழுங்காக்கிட்டுத்தான் கதவு.

இப்ப முக்கியமான விசயம். நான் பாத்த ஒழுக்கு எல்லாம் பக்கத்தால வந்தது இல்ல, அடியால வந்தது. தரை பதிஞ்ச பக்கம் சக்கை வச்சு நிலையத் தூக்கிட்டா கதவு மட்டமா நிக்கும், ஆனா அடியில அரை இஞ்சி பொந்து இருக்கும், அதுக்குள்ள தண்ணி போய் உள்ள தரை டைல்ஸுக்குக் கீழ பரவும். அதால முதல்ல அடித்தளத்த சிமெந்தால மட்டம் பண்ணி, ரெண்டு நாள் விட்டு, வோட்டர் ப்ரூஃப் ரெண்டு கோட் பூசுங்க, ரெண்டு பக்கச் சுவர்லயும் ஒரு 6 இஞ்சி மேல ஏத்திப் பூசணும். உள்பக்க விளிம்புல சின்னதா ஒரு வரம்பு கட்டினா இன்னும் நல்லம், வாற தண்ணி திரும்பி வெளியதான் போகும். முற்றத்துக் கல்லு 1 இஞ்சி கீழ எண்டா போதாது, கதவடியில ஒரு வரிசையக் கழட்டி சின்னக் கான் (வடிகால்) ஒண்டு வெட்டுங்க, இல்லாட்டி பெரிய மழைக்கு முற்றமே வீட்டுக்குள்ள வந்துரும்.

எங்க வைக்கிறதெண்டா, வெளிச்சுவர்ல இருந்து 3 இஞ்சி உள்ள. தூவானம் நேரா அடிக்காது.

பனிக்குள்ள_பனங்கொட்டை:
நான் இஞ்ச கனடாவில, ஸ்கார்பரோவில போன வருசம் ஒண்டு தனியாப் போட்டனான். ஆனா இஞ்சத்தை வீடியோக்களைப் பாத்து அப்பிடியே செய்து போடாதையுங்கோ, இஞ்ச சுவர் பலகைச் சட்டம், மேல் பிணைச்சலில 3 இஞ்சி ஸ்க்ரூ ஒண்டை சட்டத்துக்குள்ள இறக்கினா அதுவே கதவைத் தூக்கிப் பிடிக்கும், உங்கட செங்கலுக்கு அது சரிவராது. ஒழுங்கு மட்டும் ஒண்டுதான்: பிணைச்சல் பக்கத்தை முதல் தூக்குக்குண்டு விட்டு நேராக்கோணும், உங்களுக்கு ரெட்டைக்கதவு எண்டபடியா ரெண்டு பக்கமும் பிணைச்சல், அப்ப ரெண்டும் நேரா இருக்கோணும், ரெண்டும் ஒரே தளத்திலயும் நிக்கோணும். ஒண்டு கொஞ்சம் முன்னுக்கு வந்தாலும் நடுவில ரெண்டு கதவும் சேராது, மேல முட்டும் கீழ காத்து வரும். ஒரு நூலை மூலைக்கு மூலை கட்டிப் பாருங்கோ, 5க்கு 7 எண்டா 8 அடி 7 இஞ்சிக்குக் கொஞ்சம் கூட வரும், ரெண்டு மூலையும் ஒரே அளவா வந்தாத்தான் சதுரம்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவில வைக்கிற ஆப்பு, ஸ்க்ரூ போற இடத்துக்குப் பக்கத்தில இருக்கோணும். வெறும் இடைவெளியில ஸ்க்ரூவை இறுக்கினா பிளாஸ்ரிக் நிலை சுவரைப் பாத்து வளைஞ்சு போகும். மூலையில இருந்து 6 இஞ்சியில ஒண்டு, பிறகு 2 அடிக்குள்ள ஒவ்வொண்டு. எல்லாத்தையும் அரைவாசி இறுக்கி, கதவைத் திறந்து மூடிப் பாத்துத்தான் கடைசி இறுக்கு.

மாடிவீட்டு_மல்லிகை:
நான் கொட்டாஞ்சேனை. ஃபோம் பத்தி சொல்லியே ஆகணும்னு வந்தேன். எங்க பல்கனி கதவுக்கு ஒருத்தர் வந்து டின்ன முழுக்க ஒரே மூச்சுல அடிச்சிட்டு காசையும் வாங்கிட்டுப் போயிட்டாரு, காலைல எழும்பிப் பாத்தா கதவு மூட முடியல, ஃபோம் ஊதி நிலையையே நடுவுல உள்ளுக்குத் தள்ளியிருக்கு. வெட்டி எடுத்து திரும்ப செஞ்சோம். அதனால குறைவா ஊதுற ஃபோம் கேட்டு வாங்குங்க, பாதி இடைவெளிக்கு மட்டும் அடிங்க, கதவு மூடியே இருக்கணும், நடுவுல குறுக்கா ஒரு பலகை முட்டுக்குடுத்து வைங்க. வெயில் பட்டா மஞ்சளாகி பொடியா உதிரும், மேல கட்டாயம் சிலிக்கன். அதுலயும் வினாகிரி மணக்குற சிலிக்கன் வேணாம், சிமெந்துல ஒழுங்கா ஒட்டாது, இரும்பையும் தின்னும், நியூட்ரல்னு கேளுங்க. ஆணி எல்லாம் கடல் பக்கம்னா 316 ஸ்டெயின்லெஸ்தான்.

அப்புறம் கண்ணாடி பாரம். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் தடிப்புக்கே 2.5 கிலோ வரும், உங்கடது 5 மில்லிமீட்டர்னா கண்ணாடி மட்டும் 25 கிலோவுக்கு மேல. நீங்களும் மச்சானும் போதாது, இன்னொரு ஆள கூப்பிடுங்க.

தெஹிவளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. லிண்டல் இருக்கு, தட்டிப் பாத்துட்டன். ஒரு சந்தேகம், நிலையோட அடிச்சட்டத்துல சின்னச்சின்ன நீட்டு ஓட்டை மூணு இருக்கு, அதையும் சிலிக்கனால அடைக்கிறதா?

பழைய_சோனகத்தெரு:
அல்லா, அத அடைக்காதீங்க! சட்டத்துக்குள்ள இறங்குற மழைத்தண்ணி வடியிற வழி அது. அந்த ஓட்டை இருக்குற பக்கம்தான் வெளிப்பக்கம். கதவு எந்தப் பக்கம் திறக்குது?

தெஹிவளைக்காரன்:
இப்பதான் போய்ப் பாத்தன். ஓட்டை இருக்குறது நான் உள்பக்கம் எண்டு நினைச்ச பக்கம்! அப்ப கதவு வெளிய திறக்குற கதவு. நாங்க நேற்றே தூக்கி வச்சுப் பாத்தம், தலைகீழா இல்லாட்டியும் முன்பின்னா வச்சிருக்கிறம். வெளிய இரும்புக் கிறில் வேற இருக்கு, கதவு அதுல முட்டும்.

பழைய_சோனகத்தெரு:
வெளிய திறக்குறது மழைக்கு நல்லம்தான், காத்து அடிக்க அடிக்க ரப்பர்ல இறுகும். ஆனா நான் சொன்ன 3 இஞ்சிய மறந்துருங்க, அவ்வளவு உள்ள வச்சா கதவு சுவர்ல முட்டி முக்காவாசிதான் திறக்கும். வெளிச்சுவரோட ஒட்டி வைங்க, மேல ரெண்டு அடிக்கு ஒரு ஷேட் போடுங்க. பிணைச்சல் ஊசி வெளியால கழட்ட ஏலாத மாதிரியா எண்டும் பாருங்க. கிறில்லக் கழட்டி உள்பக்கம் மாத்துங்க, சுருங்குற கேட் மாதிரி ஒண்டு.

தெஹிவளைக்காரன்:
கிறில்லக் கழட்டப்போறம் எண்டு அம்மாட்ட சொன்னன். கதவத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்றா.