70 வயதுக்குப் பிறகு மோட்டர்ஹோம்: உங்கட லைசென்ஸில சி1 இருக்கா?

ஹாரோ தாத்தா:
நான் 1986இல லண்டனில டெஸ்ட் பாஸ் பண்ணினவன். 1997 ஜனவரி 1க்கு முதல் பாஸ் பண்ணின எல்லாருக்கும் கார் லைசென்ஸோட சி1 பிரிவும் தானாக வந்தது. அதால 7,500 கிலோ வரைக்கும் ஓடலாம். பென்சன் எடுத்த பிறகு வாங்கின எங்கட மோட்டர்ஹோம், படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள வண்டி, 3,850 கிலோ. ஒரு பிரச்சினையும் இருக்கேல்ல.

போன வருசம் 70 முடிஞ்சது. லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வர, மகள் கம்ப்யூட்டரில அஞ்சு நிமிசத்தில செய்து தந்தாள். புது கார்டை அப்படியே பர்ஸுக்குள்ள வைச்சிட்டன்.

ஜூனில பேரப்பிள்ளையளோட வட இங்கிலாந்தில இருக்கிற கெஸிக் ஊருக்குப் போனோம். பக்கத்து வண்டிக்கார வெள்ளைக்காரர், என்னைவிட நாலு வயசு மூத்தவர், தேத்தண்ணி குடிக்கேக்க கேட்டார்: "மெடிக்கல் முடிச்சிட்டீங்களா?" என்ன மெடிக்கல் எண்டன். கார்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். சி1 வரி இல்லை. கார் ஓடுற பி பிரிவு மட்டும்தான், 3,500 கிலோவோட சரி.

கையெல்லாம் குளிர்ந்து போச்சு. பின்னால பிள்ளையளை வைச்சுக்கொண்டு கிட்டத்தட்ட 300 மைல் ஓடி வந்திருக்கிறன். வழியில ஒண்டு நடந்திருந்தா இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்லியிருப்பான் எண்டு நினைச்சு அண்டிரவு நித்திரையே இல்லை. திரும்பிக் கொண்டுபோகவும் ஆளில்லை. மருமகன் 2003இல பாஸ் பண்ணினவர், அவருக்கும் 3,500தான். கடைசியில 1991இல பாஸ் பண்ணின என்ர சிநேகிதன் ஒருவன் ரயிலேறி கெஸிக்குக்குக் கிட்ட இருக்கிற பென்ரித் ஸ்டேசனுக்கு வந்து, வண்டியை வீட்டில கொண்டுவந்து விட்டான். அந்த உதவியை நான் மறக்கமாட்டன்.

மான்செஸ்டர் மீனா:
அண்ணா, படிக்கும்போதே பதறிப்போச்சு. ஆன்லைனில் புதுப்பித்தால் சி1 கிடைக்காது, தபாலில்தான் அனுப்பணும். என் கணவருக்குப் போன வருஷம் செய்தோம். டி2 விண்ணப்பம், டி4 மருத்துவப் படிவம், இரண்டும் சேர்ந்து போகணும். எங்கள் டாக்டர் கிளினிக்கில் டி4 செய்யமாட்டோம்னு சொல்லிட்டாங்க. அது இலவச சேவைக்குள் வராது. தனியார் டாக்டரிடம் காசு கொடுத்துப் பார்த்தோம். கண் பகுதியை மட்டும் கண்ணாடிக் கடையிலேயே நிரப்பித் தந்தாங்க. டாக்டர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் அனுப்பணும். இவருக்குச் சர்க்கரை இருக்கு, அதனால் கூடுதல் கேள்வி வந்தது, ஆனால் மறுக்கவில்லை. மூன்று வருஷத்துக்குக் கொடுத்திருக்காங்க. பிறகு மறுபடியும் இதே வேலைதான். உங்களுக்கும் இப்போ விண்ணப்பித்தால் சி1 திரும்பக் கிடைக்கும், மனசைத் தளரவிடாதீங்க.

கவென்ட்ரி சிவா:
அண்ணை, நான் மற்ற வழியில போனன். எனக்கு மெடிக்கலுக்குப் போக விருப்பமில்லை, ஒரு கண் சரியில்லை. எங்கட வண்டி 3,700. பேப்பரில 3,500 ஆகக் குறைச்சு, வண்டியில புது எடைத் தகடு ஒட்டி, வண்டிப் பதிவுப் புத்தகத்திலயும் மாத்தினன். லைசென்ஸுக்கு அந்தத் தகட்டில இருக்கிற முதல் எண்தான் கணக்கு, அதாவது ஆள், சாமானோட வண்டி ஆகக்கூட எவ்வளவு பாரம் இருக்கலாம் எண்டது. வண்டி வெறுமையா நிண்டாலும் 3,700 எண்டா 3,700தான்.

ஆனா அதுக்கு முதல் எடைப்பாலத்தில ஏத்திப் பாருங்கோ. நாங்கள் வழமையாப் போற மாதிரி மனுசி, நான், காஸ், 100 லீற்றர் தண்ணி, சைக்கிள் ரெண்டு, 10 கிலோ அரிசி, இடியப்ப உரல் எல்லாத்தோடயும் நிறுத்தா 3,610 வந்தது. சைக்கிளை விட்டிட்டு, தண்ணியையும் இறக்கினாப் பிறகுதான் 3,480. மிச்சம் 20 கிலோ. பேரப்பிள்ளையளை ஏத்த வழியில்லை. எங்களுக்கு ரெண்டு பேர்தானே, போதும். உங்கட வண்டியில 350 கிலோ குறைக்கிறது நடக்காத காரியம், நீங்கள் மீனா அக்கா சொன்ன வழியில போங்கோ.

ஹாரோ தாத்தா:
மெத்தப் பெரிய நன்றி ரெண்டு பேருக்கும். வியாழக்கிழமை டாக்டரிட்டப் போறன். மீனா தங்கச்சி, கண் பரிசோதனையை முதல் செய்துபோட்டு டாக்டரிட்டப் போனீங்களா, இல்லாட்டிப் பிறகா?