தைவானை வளர்த்தது நில உச்சவரம்பா, உறுதியான நிலப் பத்திரமா?

வடவாறு:
“அரசு சொத்துரிமையில் கைவைக்காத நாடுதான் முன்னேறும்” என்று நேற்று எழுதிய கரம்பை, அதற்கு உதாரணமாகத் தைவானைக் காட்டியதுதான் வேடிக்கை. 1949ல் அங்கே குத்தகையாக விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றார்கள். 1953ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒருவர் குத்தகைக்கு விட்ட நிலத்தில் சுமார் 7 ஏக்கர் (நடுத்தர நன்செய்க் கணக்கு) போக மிச்சத்தை அரசே எடுத்து உழுதவனுக்கு விற்றது. இது கைவைக்காததா?

கரம்பை:
எடுத்தார்கள், சரி. சும்மாவா எடுத்தார்கள்? ஆண்டு விளைச்சலைப் போல் இரண்டரை மடங்கு விலை. அதில் 70 சதவீதம் நெல், சர்க்கரைவள்ளிக் கணக்கில் கடன் பத்திரம்; 30 சதவீதம் அரசு நிறுவனங்களின் பங்கு. உழுதவனுக்கும் இலவசமில்லை, 10 வருடத் தவணை. ஆனால் இனி யாரும் வெளியேற்ற முடியாது என்று ஆனபின், தைரியமாக நிலத்தில் பணம் போட்டான். நான் சொல்கிற சொத்துரிமை அதுதான்.

வடவாறு:
அந்த தைரியம் நிலக்காரருக்கு இருந்ததா? பங்கை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் சின்ன நிலக்காரர் பலர் மலிவாகத் தள்ளிவிட்டார்கள். நாடே ராணுவச் சட்டத்தில் இருந்தது, 1987 வரைக்கும். 1947ல் அரசுப் படைகள் அங்கே நடத்திய படுகொலையைக் கண்ணால் பார்த்தவர்கள் எதிர்த்துப் பேசுவார்களா?

ஆடிப்பட்டம்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சீனாவிலிருந்து தப்பி வந்து தைவானை ஆண்ட கோமிந்தாங் கட்சித் தலைவர்களுக்கு அங்கே ஒரு குழி நிலம் கிடையாது. அதே கட்சி சீனாவை ஆண்டபோது, 1930லேயே இதே 37.5 சதவீத வரம்போடு சட்டம் போட்டது. அது ஏட்டோடு நின்றது. அங்கே நிலக்காரர்களின் தயவு வேண்டியிருந்தது!

நம் தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 1961ல் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970ல் 15 என்று சட்டம் வந்தது. அதிலிருந்து தப்ப எங்கள் ஊர்ப் பண்ணையில் மாடு மேய்ப்பவர் பேரில்கூட நிலம் எழுதியிருந்தார்கள், அது அவருக்கே தெரியாது. என் தாத்தா அங்கே குத்தகைக்காரர். எல்லாம் வாய்ப்பேச்சு, ரசீது கிடையாது.

கரம்பை:
அப்போ நீங்கள் என் பக்கம்தான் வருகிறீர்கள். உங்கள் தாத்தா கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் கதையே வேறு.

ஆடிப்பட்டம்:
ஊர்க் கணக்கு கர்ணம் கையில் இருந்தது ஐயா. கர்ணம் பண்ணையாரின் மைத்துனர்.