குழுக்கடனில் தொழில் செய்யும் பெண்கள் நன்றாகத்தான் இருக்கிறார்களா?

மேலத்தெரு:
எங்கள் ஊரில் முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கும் பெண்கள் பத்துப் பேருக்கு மேல். எல்லோரும் குழுக்கடனில் தொடங்கியவர்கள். 'சொந்தக் காலில் நிற்கிறார்கள்' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அந்தக் கால் வலிக்கிறதா என்று கேட்க ஆளில்லை. என் சித்தி விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறார். அச்சைப் பிழிந்து பிழிந்து வலது கட்டைவிரல் மடங்குவதில்லை.

வரவுசெலவு:
களையெடுக்கப் போனால் மட்டும் இடுப்பு வலிக்காதா? 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசு சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியபோதே சேர்ந்தவர் என் அம்மா. அதற்கு முன் பஸ் காசுக்குக்கூட அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்து நிற்பார். தையல் மிஷின் வந்த பிறகு அப்பா அம்மாவிடம் கைமாற்று கேட்டார். திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

மேலத்தெரு:
வேறு கதை இல்லை சார், அதுதான் கதையே. சித்தி பெயரில் வாங்கிய கடனில் பாதி சித்தப்பாவின் பைக்குக்குப் போனது. தவணை மட்டும் முறுக்கிலிருந்து. ஒரு வாரம் தவறினால் வசூல்காரரோடு குழுப் பெண்களும் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனைக்கும் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

வரவுசெலவு:
நீங்கள் சொல்வது தனியார் நுண்கடன், அதாவது நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பாக்கித் தரும் சிறு கடன். மகளிர் குழுவுக்கு வங்கி தரும் கடன் வேறு; 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிதான். நுண்கடனிலும் மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்காக அழைத்துத் தொல்லை தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 2025-ல் மாநில அரசும் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது.

மேலத்தெரு:
விதி இருக்கிறது, சரி. ஏழு சதவீதத்துக்கு வங்கிக்கு நாலு நடை நடக்க வேண்டும். நடைக்கு ஒருநாள் வியாபாரம் போச்சு. நுண்கடன்காரர் வாசலுக்கே வருகிறார்.

கொத்தமல்லி:
அண்ணன்மார் கொஞ்சம் பொறுங்கள். நான் இட்லிக்கடை வைத்திருப்பவள். வங்கிக் கடனில் கிரைண்டர் வாங்கினேன், தோள்வலி பாதி போயிற்று. டவுன் பஸ் 2021-லிருந்து இலவசம், சந்தைக்குப் போகும் காசு மிச்சம். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் நூறு பேருக்கு இட்லி ஊற்றிவிட்டு வந்தால் வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் காபி போட ஆளில்லை. பாத்திரம் அப்படியே கிடக்கிறது. அப்புறம் இந்தச் சொந்தக்காரர்கள்! பார்சல் வாங்கிக்கொண்டு "எழுதிக்கோ" என்பார்கள். பங்காளி வீட்டில் போய்ப் பாக்கி கேட்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமையாவது கடையை மூடலாம் என்றால், இன்னொரு கடனுக்குத் திங்கட்கிழமை தவணை.

வரவுசெலவு:
தவணை நாளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டீர்களா அக்கா?

கொத்தமல்லி:
கேட்டேன். குழுவில் மற்ற எல்லோருக்கும் திங்கள்தான் வசதியாம்.