கிரீன் கார்ட் லொத்தர் முடிவு பார்க்க முடியவில்லை, அவசரம்

வன்னிப்பொடியன்:
வணக்கம். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விசா தரும் லொத்தரின் முடிவு வந்துவிட்டதாம். இலக்கத்தை அடித்தால் பிழை, பிழை என்றே வருகிறது. பத்துத் தடவைக்கு மேல் அடித்துவிட்டேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கோ.

மல்லிகை:
தம்பி, எந்த வருடத்து லொத்தர்? 2023 ஒக்டோபரில் போட்டதென்றால் அது டி.வி. 2025 (டி.வி. என்பது இந்த லொத்தரின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம், 2025 விசா வருடம்), 2024 மே மாதம்தான் முடிவு. நீங்களே போட்டீர்களா, கடையிலா? என்ன பிழை என்று எழுதியிருக்கிறது?

கீபோர்ட்:
முதல் நாட்களில் உலகமே அந்தத் தளத்தில்தான் நிற்கும். போனில் பார்க்க வேண்டாம். கணினியில் வேறு பிரவுசரில் பாருங்கோ. எனக்கு இரவு இரண்டு மணிக்குத்தான் திறந்தது.

பழையகை:
வருடா வருடம் மே மாதம் இதே கேள்வி. கேட்பவர் ஒரு விவரமும் தரமாட்டார், ஆனால் உடனே பதில் வேண்டும். அந்தப் பக்கம் மூன்று விஷயம்தான் கேட்கிறது: உறுதிப்படுத்தல் இலக்கம், குடும்பப் பெயர், பிறந்த வருடம். மூன்றும் விண்ணப்பத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். வாசிக்கத் தெரிந்தால் போதும்.

வன்னிப்பொடியன்:
2025தான். கடையில் போட்டது, மூவாயிரம் ரூபா எடுத்தவர். தாளை லேமினேட் பண்ணித் தந்தார். அதில் உள்ள இலக்கத்தைத்தான் அடிக்கிறேன். விவரம் பொருந்தவில்லையாம்.

சுன்னாகத்தான்:
அந்த லேமினேட்டைப் பார்த்தாலே பயம். பூச்சியம் எது, ஆங்கில ஓ எது என்று தெரியாது. இரண்டையும் மாற்றி அடித்துப் பாருங்கோ. இன்னொன்று, படத்தில் கண்ணாடி போட்டிருந்தீர்களா? கண்ணாடியோடு எடுத்த படத்தைக் கழித்துவிடுவார்கள்.

பழையகை:
படத்துக்கும் முடிவுப் பக்கம் திறப்பதற்கும் என்ன சம்பந்தம்? படம் பிழையென்றால் தெரிவாக மாட்டீர்கள், அவ்வளவுதான். கதவு திறக்காததற்குக் கூரையைக் குறை சொல்லாதீர்கள். அதோடு, போட்டபோது காசே இல்லாத விண்ணப்பத்துக்கு மூவாயிரம்!

தாம்பரம்_ரவி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னையிலிருந்து நான் போட முடியுமா? பிளஸ் டூ முடித்திருக்கிறேன்.

பழையகை:
இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இல்லை. ஐந்து வருடத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அமெரிக்காவுக்குக் குடியேறிய நாடுகள் பட்டியலிலேயே வராது.

தாம்பரம்_ரவி:
என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் சார்.

மல்லிகை:
அப்படியென்றால் வழி இருக்கிறது. மனைவி பிறந்த நாட்டை வைத்து நீங்கள் போடலாம். விண்ணப்பத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும், இருவருக்கும் விசா கிடைத்து ஒன்றாக உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேருங்கோ. மறைத்தால் நேர்முகத்தில் எல்லாம் போய்விடும்.

மண்டபத்துப்பிள்ளை:
என் நிலை வேறு. அம்மா அப்பா மன்னார். நான் பிறந்தது தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில். இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறது. நான் எந்த நாடு?

பழையகை:
கடவுச்சீட்டு முக்கியமில்லை, பிறந்த இடம்தான். பெற்றோரின் நாட்டைக் காட்டலாம். ஆனால் நீங்கள் பிறந்தபோது அவர்கள் இந்தியாவில் சட்டப்படி குடியிருந்தவர்களாக இருக்கக் கூடாது.

சுன்னாகத்தான்:
தலை எண்ணிப் பார்த்த இடத்தைக் குடியிருப்பு என்கிறீர்களா? அது அகதி முகாம் ஐயா.

பழையகை:
நான் சட்டத்தைச் சொல்கிறேன். கோபம் என் மேல் எதற்கு?

சுன்னாகத்தான்:
நீங்கள் சட்டத்தின் ஒரு வரியைச் சொல்கிறீர்கள். அங்கே நிரந்தரமாக இருக்க யார் அனுமதி தந்தது? தற்காலிகமாகத் தங்கியிருந்தவர்கள் என்று ஒரு வழக்கறிஞர் வாதாடினால் எடுபடாதா?

பழையகை:
எடுபடலாம், படாமலும் போகலாம். அது தூதரக அதிகாரி கையில். லொத்தர் விழுந்த பிறகு முகாம் பதிவு அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுவீர்களா?

மண்டபத்துப்பிள்ளை:
அட்டை இருக்கிறது. அதில்தான் என் பெயரே முதலில் எழுதப்பட்டது.

கீபோர்ட்:
நண்பர்களே, இழை போட்டவர் எங்கே? இரண்டு மணிக்குப் பார்த்தாரா?

மல்லிகை:
வன்னித்தம்பி, ஒன்று கேட்கிறேன். லேமினேட் தாளில் உங்கள் பெயர் இருக்கும் வரியில் ஒரு காற்புள்ளி இருக்கும். அதற்கு முன்னால் இருப்பது உங்கள் பெயரா, அப்பாவின் பெயரா? காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதைத்தான் அந்தத் தளம் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு எங்கே குடும்பப் பெயர்? ஒரு கடைக்காரர் அப்பாவின் பெயரைப் போடுவார், இன்னொருவர் பிள்ளையின் பெயரைப் போடுவார். என் தங்கைக்கும் இதேதான் நடந்தது. அதுவும் சரிவராவிட்டால் அதே தளத்தில் இலக்கத்தை மீட்கும் பக்கம் இருக்கிறது. ஆனால் அது விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலைக் கேட்கும். கடைக்காரர் தன்னுடையதைப் போட்டிருந்தால் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

கீபோர்ட்:
இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே அக்கா.

மல்லிகை:
முதலிலேயே கடையில் போட்டது என்று சொல்லியிருக்கலாமே.

சுன்னாகத்தான்:
தெரிவானதாக மின்னஞ்சல் வந்து காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தெரிவை அந்தப் பக்கத்தில் மட்டும்தான் சொல்வார்கள். விசாக் கட்டணம் நேர்முகத்தன்று கொழும்புத் தூதரகத்தில், ஆளுக்கு 330 டொலர்.

வன்னிப்பொடியன்:
அக்கா, காற்புள்ளிக்கு முன்னால் என் பெயர். நான் அப்பாவின் பெயரை அடித்துக்கொண்டிருந்தேன். மாற்றியதும் திறந்தது. தெரிவாகவில்லை. ஒக்டோபரில் நானே போடுகிறேன். நன்றி.

பழையகை:
போடும்போது புதுப் படம் போடுங்கள். போன வருடத்துப் படத்தையே மறுபடி போட்டால் கழித்துவிடுவார்கள்.

தாம்பரம்_ரவி:
சார், மனைவியின் பெயரில் காற்புள்ளிக்கு முன்னால் என் பெயர் வர வேண்டுமா, மாமனார் பெயரா?