திருவிதாங்கூருக்கு நடுவே ஒரு டாலர்

குலசேகரம், எம்.ஏ. வரலாறு மாணவர்

எனக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. குலசேகரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி நாகர்கோவில் போய்ப் படிக்கிறேன். கல்லூரியில் சாய்தளம் இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, கையைப் பிடித்துக் கூட்டிப்போக நண்பர்களும் இருக்கிறார்கள். நான் முட்டிக்கொண்டு நின்றதெல்லாம் கணினிக்குள்தான்.

முதல் செமஸ்டரில் ஆசிரியர் வகுப்பு வாட்ஸ்அப்பில் 64 பக்கக் குறிப்பு ஒன்றைப் பிடிஎஃப்பாக அனுப்பினார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த கதை. எங்கள் ஊர் அன்றைக்குக் கல்குளத்தில் இருந்தது. தாத்தா சொல்லிக் கேட்ட கதையை நானே வாசிக்கப் போகிறேன் என்ற ஆசையோடு திறந்தேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது. எழுத்து எழுத்தாக அம்புக்குறியை நகர்த்திப் பார்த்தால் எம், கே, செமி (அரைப்புள்ளி), கே, எச். இன்னொரு இடத்தில் சொல்லுக்கு நடுவே டாலர். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த நண்பனிடம் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு மக்களே, சுத்தத் தமிழ்" என்றான்.

என்விடிஏ பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தொடங்கிய மென்பொருள் அது. காசு வாங்குவதில்லை. ரப்பர் பால் வெட்டும் ஒருவரின் மகனான நான் கணினி பழக முடிந்தது அதனால்தான். தமிழும் வாசிக்கும், குரல்தான் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். அது தமிழ் வாசிக்க வேண்டுமென்றால் கோப்புக்குள் தமிழ் இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அந்த 64 பக்கத்தையும் நண்பன் ஐந்து சாயங்காலம் உட்கார்ந்து போனில் வாசித்துப் பதிவுசெய்து தந்தான். அவனுக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆனால் ஒரு தாளுக்கு ஒருவனுடைய ஐந்து சாயங்காலம் போனால், நான்கு செமஸ்டருக்கும் என்ன செய்வது? இன்னொன்றும் உண்டு. காதால் மட்டும் கேட்டுப் படித்தால் எழுத்துப்பிழை தெரியாது. தேர்வில் எனக்காக எழுத வந்தவர், ஒரு பெயருக்கு வல்லின றகரமா இடையின ரகரமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு எத்தனை நிமிடம் கொடுத்தாலும் போதாது. நான் படிக்காமல் போனதாக அந்தத் தாளைத் திருத்தியவர் நினைத்திருப்பார். இன்னும் அது என்னை வருத்துகிறது.

நாகர்கோவில், டிடிபி மையம் நடத்துபவர்

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அது என் கையால் அடித்த கோப்பாகவே இருக்கலாம். கேள்வித்தாள், வகுப்புக் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இருபது வருடமாகப் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறேன்.

அந்த எழுத்துருவில் நடப்பது இதுதான். கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தை. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. நீங்கள் கேட்ட எம், கே, செமி, கே, எச் வேறொன்றுமில்லை, "அம்மா". 'கூ' என்று வரவேண்டுமானால் டாலர் விசையைத் தட்டுவோம். உங்கள் டாலர் பெரும்பாலும் திருவிதாங்கூரின் 'கூ'வாகத்தான் இருக்கும். பார்ப்பவருக்கும் அச்சுக்கும் ஒரு குறையும் தெரியாது என்பதால் இத்தனை வருடம் யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை.

தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் முறை யூனிகோடு. தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்றுக்கொண்டது. அப்புறமும் எங்களைப் போன்ற கடைகள் ஏன் மாறவில்லை? நாங்கள் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் சரியாக ஓடாது. பழைய வேலைகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. கூடவே கைப்பழக்கம். தமிழ்99 விசைப்பலகையைப் புதிதாகப் பழக வேண்டும் என்று நினைத்தாலே பயம். அந்தப் பயம் தேவையே இல்லை என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி விசை அமைப்பும் உண்டு, பழைய தட்டச்சு அமைப்பும் உண்டு. விரல் பழைய இடத்திலேயே ஓடும், உள்ளே விழுவது யூனிகோடாக இருக்கும். வேர்டில் அடித்து அங்கிருந்தே பிடிஎஃப் எடுத்தால் போதும்.

பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கலாம். ஆனால் ஒருமுறை வாசித்துத் திருத்தாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஸ்கேன் எடுத்த பக்கங்கள் என்றால் கூகிள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தையும் எடுத்துத் தரும். பழைய மங்கலான அச்சில் பிழை நிறைய வரும்.

இந்த மாதத்திலிருந்து கல்லூரி வேலை எதுவானாலும் யூனிகோடில்தான் செய்து கொடுக்கிறேன், தனிக் கூலி வாங்குவதில்லை. தம்பி, அந்த 64 பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். நானே மாற்றி, பிழை பார்த்துத் தருகிறேன்.

குளச்சல்

என் தம்பிக்குக் காது கேட்காது. 2020-ல் வகுப்பெல்லாம் போனுக்கு வந்தபோது அவனுக்கு அது ஊமைப்படம். நேரில் என்றால் வாயசைவாவது பார்ப்பான். போனில் ஆசிரியர் முகம் தபால்தலை அளவுக்கு இருக்கும், பாதி நேரம் அதுவும் இருக்காது.

கல்லூரி திறந்த பிறகு கூகிளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைப் போனில் போட்டு ஆசிரியரின் மேசையில் வைத்துப் பார்த்தோம். பேசுவதைத் தமிழில் எழுத்தாக்கும். எங்கள் கடற்கரைப் பேச்சில் அவர் வேகமாகப் போனால் தப்பும் தவறுமாக வந்தது, நிதானமாகப் பேசிய நாளில் நன்றாகவே வந்தது. அதைத் தெரிந்துகொண்டு அவர் பைய பேசத் தொடங்கினார். மற்ற பிள்ளைகளும் குறிப்பு எடுக்க வசதியாக இருக்கிறது என்றார்களாம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எழுத்து ஓடினால் போதும் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு முதல் மொழி சைகை. நீளமான செந்தமிழ் வாக்கியம் அவனுக்கு இன்னொரு மொழி. சின்ன வாக்கியம், கூட ஒரு படம், முடிந்தால் சைகை தெரிந்த ஒருவர். இதைச் சொன்னால் பலரும் "எழுதித்தானே கொடுத்தோம்" என்கிறார்கள்.

மார்த்தாண்டம், உதவிப் பேராசிரியர்

எங்கள் கல்லூரியில் சம வாய்ப்புப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. போன வருடம் குறைபார்வை உள்ள மாணவி ஒருத்தி தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளில் அழுதுகொண்டு வந்தாள். இணையதளத்தில் கடைசியாக ஒரு கோணல் எழுத்துப் படம் வரும், அதைப் பார்த்துத் தட்ட வேண்டும். ஒலியாகக் கேட்க வழி இல்லை. அவள் உருப்பெருக்கிப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்து மறுபடி முதலிலிருந்து. முந்தைய செமஸ்டரில் பிரவுசிங் சென்டரில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கடவுச்சொல்லையும் போனுக்கு வந்த ஓடிபியையும் சொல்லித்தான் கட்டியிருக்கிறாள். "அவரு அதுக்கு அப்புறமும் போன் பண்ணாரு சார்" என்றாள். அதைக் கேட்ட பிறகு இதை வெறும் வசதிக் குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் கணினியின் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, முதல்வரை உட்காரவைத்து, டேப் விசையை மட்டும் வைத்துக் கட்டணம் கட்டும் பக்கம்வரை போகச் சொன்னேன். போக முடியவில்லை. எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே திரையில் தெரியவில்லை. பிறகு என்விடிஏவை ஓடவிட்டேன். "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எந்த பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை. கால் மணி நேரம்தான். நான் இரண்டு வருடம் எழுதிய கடிதங்கள் செய்யாததை அது செய்தது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டுப் பாடத்தை வாசிக்க முடியாத கோப்பில் கொடுத்தால் அந்த இடத்துக்கு என்ன பொருள்? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகளும் மற்றவர்களும் இணையவழியில் செய்யும் அடையாளச் சரிபார்ப்பைத் தங்களால் முடிக்க முடியவில்லை என்று ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும், பார்வையற்ற ஒருவரும் போட்ட வழக்கு அது. கண்ணைச் சிமிட்டு என்கிறது திரை. சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்?

என் அனுபவத்தில், தளம் முடிந்த பிறகு திருத்தச் சொன்னால் வேலை செய்தவர்கள் தனிக் காசு கேட்கிறார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்: விசைப்பலகையால் மட்டும் முழுதும் இயங்க வேண்டும், பட்டனுக்கும் படத்துக்கும் பெயர் வேண்டும், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது. இவை உலகம் முழுக்க இணையதளங்களுக்குச் சொல்லப்படும் விதிகள்தான். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், பார்வையற்ற மாணவர் ஒருவர் தானே கட்டணம் கட்டிப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் ஒரு வரி சேர்த்தோம். அந்தச் சோதனைக்கு அவருக்குச் சம்பளமும் கொடுத்தோம். அது ரொம்ப முக்கியம்.

குலசேகரம், எம்.ஏ. வரலாறு மாணவர்

டிடிபி அக்கா, கோப்பு வந்து சேர்ந்தது. நேற்று சாயங்காலம் பஸ்ஸில் தக்கலை வருவதற்குள் 20 பக்கம் கேட்டு முடித்தேன். வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பேன், ஆனால் கல்குளம் வந்த இடத்தில் குறைத்துக்கொண்டேன். ராத்திரி வீட்டில் அந்தப் பகுதியைத் தாத்தாவுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். குரலைக் கேட்டு முதலில் "இது ஆருடே?" என்றார். பிறகு கடைசிவரை கேட்டார், இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னார்.

றகரம் கேட்டார்களே, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்துவிட்டேன். இனி மறக்காது.

சார், உங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்த அந்த வரிகளை அப்படியே அனுப்ப முடியுமா? எங்கள் கல்லூரியில் புது இணையதளத்துக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். திங்கள்கிழமை முதல்வரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.