ஃப்ளூ ஊசிக்குப் பிறகு தோள் தூக்க முடியவில்லை: அமெரிக்காவில் இழப்பீடு கேட்க முடியுமா?

எடிசன்வாசி
அக்கா நியூஜெர்சியில் இருக்கிறார், ஹெச்-4 விசா (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தருவது). 2024 அக்டோபரில் மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டார்கள், இடது கையில். அன்று இரவே வலி. ஊசி வலிதானே என்று விட்டுவிட்டு டிசம்பர் கடைசியில்தான் டாக்டரிடம் போனார். எம்.ஆர்.ஐ.யில் பர்சைட்டிஸ் (மூட்டோரப் பையில் அழற்சி) என்று வந்தது. ஏழு மாதமாகியும் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை, பிசியோதெரபி நடக்கிறது. இதற்கு ‘சிர்வா’ (தடுப்பூசி போட்டதால் வரும் தோள் காயம்) என்று பெயர், இழப்பீடு உண்டு என்கிறார்கள். மருந்துக்கடை மேல் வழக்குப் போட வேண்டுமா? குடியுரிமை இல்லாதவர் கேட்கலாமா? இன்னொரு சிக்கல்: கடை கொடுத்த சீட்டில் வலது கை என்று இருக்கிறது.

மனுக்கட்டு
கடை மேல் நேராகப் போக முடியாது. 1986-ல் வந்த சட்டப்படி, 1000 டாலருக்கு மேல் கேட்பதாக இருந்தால் ஊசி போட்டவர் மீதோ தயாரித்த கம்பெனி மீதோ வழக்குப் போடும் முன் வி.ஐ.சி.பி. என்ற கூட்டாட்சித் தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். மனு வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் க்ளெய்ம்ஸ் கோர்ட்டில் தாக்கலாகும். எதிர்மனுதாரர் சுகாதாரத் துறைச் செயலர். அவருக்காக வாதாடுவது நீதித் துறை வக்கீல்கள். ஜூரி கிடையாது, ஸ்பெஷல் மாஸ்டர் என்பவர் (இந்த வழக்குகளுக்கென்றே உள்ள நடுவர்) தீர்ப்பளிப்பார். பணம் வருவது தடுப்பூசி மீதான வரியில் சேரும் நிதியிலிருந்து (ஒரு டோஸ், ஒரு நோய்க்கு 75 சென்ட்). அதனால் ஃபார்மசிஸ்ட் தப்பாகக் குத்தினார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. பலர் இதைப் புரிந்துகொள்ளாமல் கடைக்காரரோடு சண்டை போட்டே மாதங்களை வீணாக்குகிறார்கள்.

சட்டம் பார்ப்பது ஊசி எங்கே போடப்பட்டது என்பதை, பாஸ்போர்ட்டை அல்ல. அமெரிக்காவில் போட்டது என்பதால் விசா தடையில்லை. க்ரீன் கார்டு மெடிக்கலுக்காக அங்கே போடும் எம்.எம்.ஆர். (தட்டம்மை வகை), டி-டாப் (டெட்டனஸ் வகை) ஊசிகளுக்கும் இதே கதைதான்.

2017 மார்ச் 21 முதல் சிர்வா அந்தத் திட்டத்தின் காய அட்டவணையில் (எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு என்ற பட்டியலில்) இருக்கிறது. அதில் பொருந்த நான்கு விஷயம் வேண்டும். அதே தோளில் இப்போதைய வலியை விளக்கும்படியான பழைய கோளாறு இருக்கக் கூடாது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். கழுத்து நரம்பு அழுத்தம் மாதிரி வேறு காரணம் இருக்கக் கூடாது. நான்கும் இருந்தால் ஊசியால்தான் வந்தது என்பதைச் சட்டமே ஊகித்துக்கொள்ளும். ஒன்று இடறினாலும் 2005-ல் வந்த ஆல்தன் தீர்ப்பின் மூன்று படிச் சோதனைப்படி, நிபுணரை வைத்து, காரணத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். செலவும் காலமும் ஏறும்.

இதற்கு மேல், பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அக்காவுக்கு அது தாண்டிவிட்டது.

கெடு 36 மாதம். டாக்டர் ‘சிர்வா’ என்று சொன்ன நாளிலிருந்து அல்ல, முதல் வலி வந்த நாளிலிருந்து. ஆக 2027 அக்டோபர். ஆவணம் திரட்டவே பல மாதம் போகும், கடைசி மாதத்தில் வந்து நிற்கும் மனுவை நல்ல வக்கீல்கள் தொடவே தயங்குவார்கள்.

தோள்_தெரபி
சட்டத்தை மேலே சொல்லிவிட்டார். வழக்கு சாய்வது பெரும்பாலும் மருத்துவக் குறிப்பில்தான், அதிலும் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் ‘கை’ என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை. “கை வலிக்குது” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் நர்ஸ் ‘உள்ளங்கை வலி’ என்று எழுதுவார். தோள்பட்டை என்று சொல்லிக்கொண்டே கழுத்தோரம் தடவிக் காட்டினால் ‘கழுத்து வலி’ என்று ஏறும். மூன்றாவது, நான்காவது நிபந்தனைகள் இரண்டும் அங்கேயே ஆட்டம் காணும். மேல்கையின் எலும்பு முனைக்குக் கீழே, ஊசி இறங்கிய இடத்தையே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது தேதி. பிசியோதெரபிக்குப் போன முதல் நாள் ஒரு படிவம் தருவார்கள், ‘எப்போது, எப்படித் தொடங்கியது?’ என்று. அதில் ‘தானாக, இரண்டு மாதமாக’ என்று எழுதிவிட்டால் அரசுத் தரப்பு அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். ‘அக்டோபர் இத்தனாம் தேதி ஃப்ளூ ஊசி, அன்றிரவே வலி’ என்பது ஒவ்வொரு குறிப்பிலும் வர வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போனது வழக்கைக் கொல்லாது. 48 மணி நேரத்துக்குள் பதிவாகவில்லை என்றாலும், அப்போதே தொடங்கியது என்று ஸ்பெஷல் மாஸ்டர் முடிவெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வெறும் வாய்ச்சொல் போதாது. அந்த இடைவெளியில் டாக்டரின் ஆன்லைன் போர்ட்டலில் அனுப்பிய செய்தி, “ஊசி போட்ட கை இன்னும் தூக்க முடியல” என்று யாருக்காவது போட்ட வாட்ஸப், எதுவும் அழியாமல் இருக்கட்டும்.

அசைவை டிகிரியில் அளந்து எழுதச் சொல்லுங்கள். பக்கவாட்டில் கை 180 வரை உயர வேண்டும். ‘லேசான குறைவு’ என்பதைவிட ‘95 டிகிரி’ என்ற எண் பேசும். வலி மட்டும் பதிவாகி அசைவுக் குறைவு பதிவாகாத கோப்புகள் அட்டவணையில் பொருந்தாமல் நிற்கின்றன.

காரணம் கேட்பவர்களுக்கு: ஊசி டெல்டாய்டு என்ற மேல்கைத் தசையின் நடுவில், தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே இறங்க வேண்டும். சட்டையைக் கழற்றாமல் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு மேலிருந்து குத்தினால் மருந்து தசைக்குப் பதில் அதன் அடியிலுள்ள பர்சா பையில் இறங்கிவிடலாம். அங்கே எழும் அழற்சிதான் பர்சைட்டிஸ், பிறகு சிலருக்கு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் இறுகிப்போதல்.

எடிசன்வாசி
படிவத்தில் அக்கா என்ன எழுதினார் என்று நாளைக்கே கேட்கிறேன். அந்த வலது கை சீட்டு? வக்கீல் ஃபீஸ்?

மனுக்கட்டு
சீட்டு பெரிய விஷயமில்லை. பல கடைகளில் எந்தக் கை என்பதை ஊசி போடும் முன்பே கணினியில் நிரப்பிவிடுவார்கள், ஸ்பெஷல் மாஸ்டர்களுக்கும் இது பழகிய விஷயம். அதற்குப் பிந்தைய குறிப்புகள் எல்லாம் ஒரே குரலில் ‘இடது’ என்றால் அது நிற்கும். கடையிடம் போய்த் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். பின்தேதியில் திருத்திய சீட்டு சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

ஃபீஸ் அக்கா கையிலிருந்து போகாது. நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட மனு என்றால், தோற்றாலும் வக்கீல் கட்டணத்தைத் திட்டமே தரும். கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒன்று என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், இந்தத் திட்டத்தில் அது சட்டப்படி கூடாது. தாக்கல் கட்டணம் 405 டாலர், அதையும் செலவுக் கணக்கில் திரும்பக் கேட்கலாம்.

வலி வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். அதைத் தொடுவது அபூர்வம். அறுவை சிகிச்சை ஆனதா, எத்தனை மாதம், எத்தனை தடவை பிசியோ, ஸ்டீராய்டு ஊசி எத்தனை என்பதை வைத்து முந்தைய தீர்ப்புகளோடு ஒப்பிட்டுத் தொகை வைப்பார்கள். காப்பீடு தராத மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தனி. ஹெச்-4-ல் வேலை அனுமதி இல்லையென்றால் சம்பளக் கணக்கு வராது, அவ்வளவுதான்.

ஊசிக்கு மூன்று வருடம் முன்பிலிருந்து எல்லா மருத்துவப் பதிவுகளையும் இப்போதே எழுதிக் கேட்கத் தொடங்குங்கள். பழைய தோள் வலி எங்கேயாவது இருந்தால் வக்கீலுக்கு முதல் நாளே தெரிய வேண்டும்.

சிர்வாவை நீக்கிவிட்டார்கள் என்று பழைய பக்கங்களில் படித்தால் குழம்ப வேண்டாம். 2021 ஜனவரியில் அப்படி ஒரு விதி வந்தது, ஏப்ரலிலேயே ரத்தாகிவிட்டது.

பாலாறு77
இடையில் ஒரு கேள்வி. ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசியால் இதே வலி வந்தால்? கோவிட் ஊசியும் ஃப்ளூ ஊசியும் ஒரே கையில் போட்டிருந்தால்?

மனுக்கட்டு
ஷிங்கிள்ஸ் வி.ஐ.சி.பி. பட்டியலில் இல்லை. அதற்கு மாநில நீதிமன்றத்தில் சாதாரண அலட்சிய வழக்குதான், ஊசி போட்டவர் தவறை நீங்களே நிரூபிக்க வேண்டும், கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நிமோனியா ஊசிகளில் கான்ஜுகேட் வகை பட்டியலில் உண்டு, பழைய 23 வகைப் பாலிசாக்கரைடு ஊசி கிடையாது. அதனால் சீட்டில் பிராண்டு பெயரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கோவிட் ஊசிக்கு சி.ஐ.சி.பி. என்ற வேறு திட்டம். கெடு ஒரே வருடம், அதுவும் ஊசி போட்ட நாளிலிருந்து. வலி வேதனைக்குத் தொகை இல்லை, வக்கீல் கட்டணமும் தர மாட்டார்கள். இரண்டையும் ஒரே கையில் போட்டிருந்தால் ‘கோவிட் ஊசிதான் காரணம்’ என்ற வாதம் வரும். எது மேலே, எது கீழே இறங்கியது, எது போட்டபோது சுரீரென்றது என்பதை நினைவிருக்கும்போதே தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடக் கெடு முடியவில்லை என்றால் அங்கேயும் விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள்.