கோஸ்ட் என்று வாங்கிய கார்ன் ஸ்நேக் எந்த மார்ஃப் (நிற, வடிவ வகை)? அமெல் ஆணோடு சேர்த்தால் ஸ்னோ வருமா?

வரிவால்:
வணக்கம். இரண்டு கார்ன் ஸ்நேக்குகள் பற்றிய கேள்வி. இரண்டுக்குமே தாய் தகப்பன் விவரம் கிடையாது. விற்றவர் வாயால் சொன்ன பெயர்தான்.

பெண்: நாலு வயது, 430 கிராம், 118 செ.மீ. “கோஸ்ட்” என்று விற்றார்கள். உடம்பு வெளிர் சாம்பல். முதுகுத் திட்டுகள் சாம்பல் கலந்த பழுப்பு. திட்டைச் சுற்றிய ஓரக்கோடு மெலிசு, கன்னங்கறுப்பு இல்லை. தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் மஞ்சள் படர்ந்திருக்கிறது. வயிறு வெறும் வெள்ளை, கட்டமே இல்லை. கழுத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குத் திட்டுகள் ஒன்றோடொன்று சங்கிலி மாதிரி ஒட்டிக்கொண்டு போகின்றன. கண் கறுப்பு.

ஆண்: மூன்று வயது, 310 கிராம். “அமெல், ஹெட் அனெரி” என்றார்கள். அதாவது கறுப்பு நிறமி இல்லாதது, கூடவே அனெரி (சிவப்பு நிறமி இல்லாமை) மரபணுவின் ஒரு பிரதியை வெளியே தெரியாமல் சுமப்பது. ஆரஞ்சு உடம்பு, சிவப்புத் திட்டு, வெள்ளை ஓரம், சிவந்த கண்.

பெண் நிஜமாகவே கோஸ்ட்தானா? இந்த ஜோடியைச் சேர்த்தால் முதல் ஈட்டிலேயே ஸ்னோ வருமா? இருப்பது டொராண்டோவில். கராஜ் உறைந்துவிடும், பேஸ்மெண்ட் 16 டிகிரிக்குக் கீழே இறங்காது. குளிர்காலத் தயாரிப்பை எப்படிச் செய்வது?

சட்டைவாசி:
விற்றவர் சொல்லாமல் விட்டது ஒன்று உங்கள் வர்ணனையிலேயே இருக்கிறது. வயிற்றில் கட்டம் இல்லை, முதுகுத் திட்டுகள் சங்கிலியாக ஒட்டியிருக்கின்றன என்றால் அது மோட்லி. சாதாரணக் கார்னின் வயிறு சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். மோட்லியில் அது துடைத்தாற்போல் போய்விடும். டிஃப்யூஸ்டு என்கிற பிளட்ரெட்டிலும் வயிறு வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பக்கவாட்டு வடிவங்கள் தண்ணீர் பட்ட மை போலக் கலங்கிப் போயிருக்கும், திட்டுகள் இப்படிச் சங்கிலியாகச் சேராது.

அடுத்தது நிறம். சிவப்பே இல்லாமல் சாம்பலும் பழுப்புமாக இருந்தால் மூன்று சந்தேகம் வரும்: அனெரி, சார்க்கோல், லாவெண்டர். கழுத்து மஞ்சள் இங்கே உதவுகிறது. வளர்ந்த அனெரிக்கு அந்த மஞ்சள் இருக்கும், சார்க்கோலுக்கு பொதுவாக இருக்காது. குட்டியில் இதை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் மஞ்சள் வளர வளரத்தான் ஏறும். லாவெண்டரா என்று பார்க்க, இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்மணியைப் பாருங்கள். பல லாவெண்டர்களுக்கு ஒயின் நிறத்தில் மின்னும். மின்னாவிட்டாலும் முழுக்கத் தள்ளிவிட முடியாது, ஆனால் லாவெண்டரின் சாம்பலில் ஒரு ரோஜா பூச்சு இருக்கும். நீங்கள் சொல்வதில் அது இல்லை. என் கணிப்பு அனெரி மோட்லி.

இனி கோஸ்ட் விஷயம். கோஸ்ட் என்றால் அனெரியோடு ஹைப்போவும் சேர்ந்தது. ஹைப்போ கறுப்பைக் குறைக்கும். ஓரக்கோடு மெலிந்து, கறுப்பு பழுப்பாகும். சிக்கல் என்னவென்றால் மோட்லியும் தன் பங்குக்கு நிறத்தை வெளிறச் செய்யும். அதனால் வெறும் அனெரி மோட்லிகள் சந்தையில் “கோஸ்ட் மோட்லி” என்று ஏராளமாக விலை போகின்றன. ஹைப்போவை உறுதி செய்ய உதவும் வயிற்றுக் கட்டமும் (ஹைப்போவில் அது கறுப்பாக இல்லாமல் வெண்கலச் சாம்பலாக இருக்கும்) உங்கள் பாம்பிடம் கிடையாது. எஞ்சுவது உரித்த சட்டை. அடுத்த முறை உரித்ததும் ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் தாளில் விரித்துக் காயவிட்டு, திட்டு ஓரங்கள் விழுந்த இடத்தைப் பாருங்கள். மெலனின் சட்டையிலும் தங்கும். அழுத்தமான கரும் கோடு தெரிந்தால் ஹைப்போ இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மங்கலாக இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. அதற்கு இணைசேர்த்துப் பார்ப்பதுதான் வழி.

ஆணுக்கும் ஒரு சோதனை உண்டு. கண்மணி பளிச்சென்று சிவப்பா, இல்லை கருஞ்சிவப்பா? திட்டுகளின் ஓரத்தில் எங்காவது சாம்பல் நிழல் ஓடுகிறதா? ஓடினால் அது அல்ட்ராமெல். அல்ட்ராவும் அமெலும் ஒரே மரபணு இடத்தின் இரு வடிவங்கள். ஒவ்வொன்று வந்து சேர்ந்தால் அல்ட்ராமெல். கார்னில் அமெல் உண்டாவது ஓசிஏ2 மரபணுவில் நுழைந்த ஒரு தாவும் டிஎன்ஏ துண்டால் என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். வெள்ளை ஓரமும் சிவந்த கண்ணும் சேர்ந்திருப்பதால் உங்களுடையது அமெல்தான் என்று நினைக்கிறேன். வெள்ளை ஓரம் மிக அகலமாக இருந்தால் “ரிவர்ஸ் ஒகீட்டி” என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். அது தனி ஜீன் இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த தோற்றம். தென் கரோலினாவின் ஜாஸ்பர் கவுண்டி பக்கத்து அகல ஓரப் பாம்புகளிலிருந்து வந்த பெயர்.

நான்கிலொன்று:
ஸ்னோ கேள்விக்கு என் பதில்: முதல் ஈட்டில் எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்னோ என்பது அமெலும் அனெரியும் சேர்ந்தது. இரண்டுமே ரிசெஸிவ், அதாவது தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் பெண்ணிடம் அமெல் பிரதி இருப்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே எல்லாக் குட்டிக்கும் தகப்பனின் ஒற்றை அமெல்தான் கிடைக்கும், ஒன்றும் அமெலாகப் பிறக்காது. மோட்லியும் அப்படியே: எல்லாம் ஹெட் மோட்லி, வடிவம் சாதாரணம். ஆண் சொன்னபடி ஹெட் அனெரி என்றால் முட்டைக்குப் பாதி வாய்ப்பில் அனெரி, பாதி வாய்ப்பில் நார்மல். பெண் ஹைப்போவாகவும் இருந்தால் அத்தனையும் ஹெட் ஹைப்போ. தப்பித்தவறி ஒரு ஸ்னோ பிறந்தால், பெண் யாருக்கும் தெரியாமல் ஹெட் அமெல் என்று பொருள். மோட்லி குட்டி பிறந்தால் ஆணிடம் மோட்லியோ ஸ்ட்ரைப்போ (திட்டுக்குப் பதில் நீளக் கோடு ஓடும் வடிவம்) ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஒரே மரபணுவின் வடிவங்கள்.

ஆணின் “ஹெட் அனெரி”யும் வாய்ச்சொல்தானே. இந்த ஜோடி அதைச் சோதித்துவிடும். அவன் ஹெட் என்றால் ஒவ்வொரு குட்டியும் அனெரி ஆகாமலிருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. பத்துக் குட்டியும் நார்மல் என்றால், அவன் ஹெட்டாக இருந்தும் அப்படி நடக்க வாய்ப்பு 1024இல் ஒன்று. அனெரி ஒன்று பிறந்தாலும் போதும், சந்தேகம் தீர்ந்தது. ஆனால் “இரண்டில் ஒன்று” என்றால் பன்னிரண்டு முட்டைக்கு ஆறு என்று கணக்கெழுதாதீர்கள். ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாகச் சுண்டிய காசு.

இரண்டாம் தலைமுறையில் அனெரி அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் ஸ்னோ 4இல் 1, ஸ்னோ மோட்லி 16இல் 1. ஹைப்போவும் கலந்த கோரல் ஸ்னோ மோட்லி வேண்டுமென்றால் 64இல் 1. ஒரு ஈட்டுக்கு பதினைந்து முட்டை என்று வையுங்கள், புரியும். மகளைத் தகப்பனோடு சேர்த்தால் ஸ்னோ 4இல் 1 வரும், மோட்லி வராது, தகப்பனிடம் அது இல்லை. மகனைத் தாயோடு சேர்த்தால் மோட்லி வரும், அமெல் வராது.

என்னைக் கேட்டால் இந்த ஜோடியைவிட, பதிவோடு ஒரு ஸ்னோ மோட்லி ஆண் குட்டியை இப்போதே வாங்குவது மேல். அது இரண்டு, இரண்டரை வயதில் தயாராகும். இந்தப் பெண்ணோடு சேர்த்தால் பிறப்பது அனைத்தும் அனெரி மோட்லி, ஹெட் அமெல். அதற்குள் உங்கள் ஜோடிக்குப் பிறந்த அனெரி மகள் வளர்ந்திருந்தால் அவளோடு சேர்த்தால் ஸ்னோ மோட்லி 4இல் 1. உறவுக் கலப்பும் இல்லை.

ஹைப்போவைச் சோதிக்க ஹைப்போ அல்லது கோஸ்ட் ஆண் வேண்டும். பெண் ஹைப்போவாக இருந்தால் பிறப்பதெல்லாம் ஹைப்போ. ஒரே ஒரு கரும் ஓரக் குட்டி வந்தாலும் அவள் அந்த ஹைப்போ இல்லை. “அந்த” என்று சொல்லக் காரணம், சன்கிஸ்டு என்று வேறொரு ஜீன் ஹைப்போ போலவே தோற்றம் தரும். இரண்டும் வேறு வேறு இடம், சேர்த்தால் நார்மல்தான் வரும். சன்கிஸ்டு வம்சங்களில் ஸ்டார்கேஸர் என்ற நரம்புக் கோளாறும் பரவியது. தலையை நிமிர்த்தி வானம் பார்த்தபடி தடுமாறும். அதுவும் ரிசெஸிவ், சுமக்கிற பாம்பு பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். வம்சம் தெரியாத பாம்பின் குட்டிகளை விற்கும்போது “ஹெட்” என்று எழுதாமல் “இருக்கலாம்” என்று எழுதுங்கள்.

முட்டைப்பெட்டி:
ஜீன் கணக்குக்கு முன்னாடி ஒண்ணு: ரெண்டும் ஆண்-பெண்தானான்னு உறுதி பண்ணுங்க. ஆணுக்குக் கழிவுத்துளைக்குப் பிறகு வால் தடிமன் குறையாம நீளமா போகும். பெண்ணுக்குச் சட்டுன்னு ஒடுங்கும். சந்தேகம்னா ஊர்வன பார்க்கிற டாக்டர்கிட்ட ப்ரோப் (ஆணா பெண்ணான்னு பார்க்கக் கழிவுத்துளையில் விடுற மெல்லிய கம்பி) போடச் சொல்லுங்க. நீங்களா வீட்டில் குத்திப் பார்க்காதீங்க, கிழிஞ்சிடும்.

பெண்ணுக்குக் குறைந்தபட்சம் மூணு வயசு, 300 கிராம், மூணு அடி. உங்க பெண் தாண்டியிருக்கு. எடை கொழுப்பா, சதையா என்பதையும் பாருங்க. வாலடி உருண்டு, செதிலுக்கு நடுவில் தோல் தெரிஞ்சா கொழுப்பு. கொழுத்த பெண்ணுக்கு முட்டை சிக்கும்.

குளிர்: நவம்பர் நடுவில் இரை நிறுத்துங்க, ஆனா சூடு அப்படியே இருக்கட்டும், ரெண்டு மூணு வாரம். வயிறு காலியாகணும். இரையோட குளிரில் போட்டா உள்ளேயே அழுகிச் செத்துப்போகும். அப்புறம் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியா 10–13 டிகிரிக்கு இறக்கி, எட்டிலிருந்து பத்து வாரம் இருட்டில், தண்ணீர் மட்டும். உறையுற கராஜ் வேண்டவே வேண்டாம். பழைய வைன் கூலர் ஒண்ணு வாங்கி 12இல் வைங்க. பாம்பு மூடி பூட்டிய டப்பாவில், கூலர் கதவை ரெண்டு நாளைக்கு ஒருதரம் திறந்து காத்து விடுங்க, உள்ளே தனி தெர்மாமீட்டர் போடுங்க. கூலர் டயலை நம்பக்கூடாது. பேஸ்மெண்ட்டின் 16 டிகிரிதான் இருக்குன்னா அதுவும் ஓடும், கார்ன் குளிரே இல்லாமலும் சேரும். ஆனா 16க்கு மேலே பாம்பு தூங்காம நடமாடி எடை இழக்கும், அதனால ஆறு வாரத்தோட நிறுத்துங்க. பத்து நாளைக்கு ஒருதரம் எடை போடுங்க. பத்து சதவீதத்துக்கு மேலே குறைஞ்சாலோ மூக்கில் குமிழி வந்தாலோ உடனே சூட்டுக்குக் கொண்டு வாங்க.

மார்ச்சில் சூடேத்தி, ஒரு வாரம் கழிச்சு சின்ன எலியிலிருந்து ஆரம்பிச்சு, பெண்ணுக்கு அஞ்சு நாளைக்கு ஒரு இரை. குளிருக்குப் பிறகு முதல் சட்டை உரிச்சதும் அவளைத் தூக்கி ஆண் பெட்டியில் விடுங்க. பத்திலிருந்து இருபது நிமிஷம் பின்னிக்கிட்டு இருக்கும், பிரிக்காதீங்க. மூணு நாள் விட்டு விட்டு, அவ ஓடி ஒளியற வரைக்கும். ஒரே பருவத்தில் ரெண்டு ஆண் வேண்டாம். பெண் விந்தைச் சேர்த்து வைக்கும், அப்புறம் எந்தக் குட்டி யாருதுன்னு மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

நாலஞ்சு வாரத்தில் இன்னொரு சட்டை உரிப்பா. அதிலிருந்து பத்து நாளில் முட்டை, முன்னே பின்னே. சட்டை உரிச்ச அன்னிக்கே ஈரமான ஸ்பாக்னம் பாசி நிரப்பிய டப்பா, மேல் மூடியில் ஓட்டை போட்டு, வைக்கணும். வைக்கலேன்னா தண்ணிக் கிண்ணத்தில் முட்டையிட்டு எல்லாம் மூழ்கிடும். முதல் முட்டைக்குப் பிறகு ரெண்டு நாளாகியும் வயித்தில் கட்டி தெரிஞ்சா டாக்டர்.

முட்டையைத் திருப்பக்கூடாது. மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வச்சுட்டு எடுங்க. ஒட்டியிருக்கிறதைப் பிரிக்காதீங்க. முட்டையை வைக்கிற வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கிற கனிமத் துகள்) எத்தனை கிராமோ தண்ணியும் அத்தனை கிராம்; கையால் பிழிஞ்சா ஒரு சொட்டுகூட ஒழுகக்கூடாது. 28 டிகிரியில் அறுபது நாள் வாக்கில். 32ஐத் தொட்டா முதுகு வளைஞ்ச குட்டி இல்லேன்னா உள்ளேயே சாவு. மூணாவது வாரம் குழி விழுந்தா வறட்சி, முட்டை மேலே படாம ஓரத்தில் தண்ணி ஊத்துங்க. கடைசி வாரக் குழி இயல்பு. மஞ்சளா, சின்னதா, கல் மாதிரி இருக்கிறது கரு இல்லாதது. அதில் பூஞ்சை வந்தா பக்கத்து நல்ல முட்டைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது.

வரிவால்:
நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். பெண்ணின் கண்ணில் மின்னல் இல்லை. ஆணின் கண்மணி தெளிவான சிவப்பு, சாம்பல் நிழல் எங்கும் இல்லை. போன மாதச் சட்டை இருந்தது: திட்டு ஓரங்களில் கோடு தெரிகிறது, மெலிசுதான், ஆனால் அழுத்தமான கறுப்பு. குட்டிகளுக்கு எத்தனை டப்பா தேவைப்படும்?

சட்டைவாசி:
அப்படியானால் அனெரி மோட்லி என்றே எழுதி வையுங்கள். கோஸ்ட் பெயரை எடுத்துவிடலாம். குட்டிகளுக்கும் ஹெட் ஹைப்போ என்று போட வேண்டாம்.

முட்டைப்பெட்டி:
முட்டைக்கு ஒரு டப்பா, ஷூ பாக்ஸ் அளவு, காத்து ஓட்டையோட. குட்டி பென்சில் தடிமன்தான் இருக்கும், ஓட்டை மூணு மில்லிமீட்டருக்கு மேலே போகக்கூடாது. ஒண்ணா போட்டா ஒண்ணை ஒண்ணு விழுங்கிடலாம். முட்டையைக் கிழிச்சு தலை நீட்டினதும் வெட்டி எடுக்காதீங்க, ஒண்ணு ரெண்டு நாள் மஞ்சள் கருவை உள்ளே இழுத்துக்கிட்டுத் தானா வரும். ஏழிலிருந்து பத்து நாளில் முதல் சட்டை. அதுக்கப்புறம்தான் பிங்கி (ரோமம் முளைக்காத எலிக்குட்டி), அதுவும் பிறந்த அன்னிக்கு உள்ள சின்னது. இரையைத் தொடாத குட்டிக்கு பிங்கியைச் சோப்பில்லாம வெதுவெதுப்பான தண்ணியில் கழுவித் துடைச்சு, சின்னக் கப்பில் பாம்போட ராத்திரி முழுக்க மூடி வைங்க. அதுக்கும் மசியலேன்னா பிங்கி தலையைக் கீறி மூளை வாசம் வரும்படி வைக்கணும். மூணு தடவை தானா தின்ன பிறகுதான் எந்தக் குட்டியையும் கைமாத்தணும். முதல் மாசம் பதினஞ்சுக்கு ரெண்டு மூணு இப்படி அடம்பிடிக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி பிங்கி வாங்கி ஃப்ரீஸர்ல வச்சுக்கோங்க.